கிள்ளான் வீட்டுப் படத்தின் நீலம்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு வீட்டின் கூடத்திலும், பூச்சோங்கில் ஒரு வாடகை வீட்டின் உள்ளறையிலும் நான் வரைந்த இரண்டு ஓவியங்கள் தொங்குகின்றன. இரண்டும் ஒரே அம்மையாரின் முகம். இரண்டிலும் அம்முகம் நீலமாக இருக்கிறது. அவற்றின்முன் விளக்கு எரிகிறது, எலுமிச்சம்பழம் வைக்கப்படுகிறது, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் அக்கம்பக்கத்தார் வந்து கும்பிட்டுச் செல்கிறார்கள். அந்த நீலம் எவ்வாறு வந்தது என்று இப்பொழுது வழங்கிவரும் கதை உண்மையன்று.

அண்மையில் காஜாங்கிலிருந்து முன்பின் அறியாத இருவர் என் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். தங்கள் கண்களை ஒருமுறை பார்த்துச் சொல்லுமாறு கேட்டனர். நான் மருத்துவன் அல்லன் என்றேன். “தெரியும் சார். நீங்க சும்மா பாத்தாப் போதும்” என்றார் மூத்தவர். அவர்களைத் திருப்பி அனுப்பிய அன்று பிற்பகலே இதனை எழுத அமர்ந்தேன். என் அகவை எண்பதை நெருங்குகிறது. நான் வாய்மூடியபின் அந்தக் கதை ஒன்றே எஞ்சும். ஆகவே, நடந்ததை நடந்தவாறு எழுதிவைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் தொழிலால் ஓவியன் அல்லன். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். துணைவியார் மறைந்தபின் பிரிக்பீல்ட்ஸில் என் மகளின் அடுக்குமாடி இல்லத்துக்கு வந்து சேர்ந்தேன். பகலெல்லாம் தனித்திருக்க நேர்ந்ததால், இளமையில் விட்டுவிட்ட எண்ணெய் வண்ணத்தை மீண்டும் கையில் எடுத்தேன். முதலில் பூச்சாடி, மழை பெய்த தெரு, தொடர்வண்டிப் பாலம் என்று வரைந்துகொண்டிருந்தேன். பிறகு மறைந்தவர்களின் முகங்களை வரையுமாறு தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கினர்.

நம்மவர் வீடுகளில் மறைந்தவரின் படத்தைப் பெரிதாக்கி, மாலையிட்டுக் கூடத்தில் வைப்பது வழக்கம். ஆனால் முதியோர் பலர்க்குப் பழைய அடையாள அட்டையில் உள்ள நகமளவான சாம்பல்நிறப் படத்தைத் தவிர வேறு படமே இருப்பதில்லை. அதைப் பெரிதாக்கினால் முகம் புள்ளிகளாகச் சிதறிவிடும். அத்தகையோரின் மக்கள் என்னிடம் வந்தார்கள். சாம்பல்நிறப் படத்திலிருந்து வடிவத்தை எடுத்துக்கொள்வேன். நிறத்தை நினைவிலிருந்தோ, வீட்டார் சொல்வதிலிருந்தோ எடுத்துக்கொள்வேன்.

இங்கே என் வேலைமுறையைச் சற்று விளக்க வேண்டும். பிழை அதன் வழியாகவே புகுந்தது. கரிய தோலில் ஒளி படும் இடங்களில் வானத்தின் நீலம் மெல்லிதாகத் தங்கும். நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு ஆகிய இடங்களில் சிறிது நீலம் கலந்தால்தான் முகம் உயிர்பெறும்; கலக்காவிட்டால் மரப்பலகைபோல் கிடக்கும். எவ்வளவு கலப்பது என்பதற்கு அளவு கிடையாது. கண்ணுக்குத் தெரியும்வரை சேர்ப்பேன், தெரிந்தவுடன் நிறுத்துவேன்.

கண்புரை வளர்ந்த ஆண்டுகளிலும் நான் அவ்வாறே செய்துவந்தேன். என் விழிவில்லை சிறிது சிறிதாக மஞ்சளேறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டை எனக்கு வெள்ளையாகவே தோன்றியது. மஞ்சட் கண்ணாடி ஒன்றை ஒருவன் பிறவியிலேயே அணிந்திருந்தால் அவனுக்கு அது கண்ணாடியென்றே தெரியாதல்லவா? நான் கலந்த நீலம் என் கண்ணை எட்டவில்லை. எட்டும்வரை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே இருந்தேன்.

கிள்ளான் அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன். நான் பணியாற்றிய பள்ளியின் சிற்றுண்டிச்சாலையை அவர் நடத்தினார். பருத்த உடல், உரத்த குரல், எந்நேரமும் ஆவி பறக்கும் அடுப்புக்குப் பின்னால் நிற்பவர். ஆசிரியர் என்று அஞ்சமாட்டார். ஒருநாள் மீ நூடுல்ஸ் தட்டை என்முன் வைத்து, “சார், இன்னிக்கு மொளகா கம்மியாத்தான் போட்டிருக்கேன். நேத்து நீங்க அழுதத புள்ளைங்க பாத்துட்டாங்க” என்றார். ஆசிரியர் அறை முழுவதும் சிரித்தது. அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகள் வீட்டில் தையற்கடை வைத்திருந்தார். மகன் மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டினார். மகனுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. அவ்வம்மையார் மறைந்தபோது அப்பழக்கம் எல்லை மீறிப்போனதாகக் கேள்விப்பட்டேன்.

தாயின் படத்தை வரைந்து தருமாறு மகள்தான் கேட்டார். அடையாள அட்டையைத் தவிர வேறு படம் இல்லை. ஆனால் எனக்கு அம்முகம் நன்கு தெரியும் என்பதால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். வரைந்து முடித்துக் கிள்ளானுக்கு எடுத்துச்சென்று, துணியை விலக்கிக் காட்டினேன். மகள் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மகன் நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார். அம்மையாரின் தம்பி ஒருவர் இருந்தார். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சார் ஆத்தாவையே எறக்கிட்டாரு” என்றார். ஒப்புமை அவ்வளவு சிறப்பாக அமைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். சில நாட்களில் அம்மையாரின் மகள் கைப்பேசியில் அழைத்து, தம் தம்பி குடியை விட்டுவிட்டான் என்றார். அன்று நான் அடைந்த பெருமிதத்தை இப்பொழுது நினைத்தால் உடல் கூசுகிறது.

சில ஆண்டுகள் கழிந்தன. தெருப் பெயர்ப்பலகைகள் மங்கத் தொடங்கியபின் என் மகள் என்னைக் கண்மருத்துவரிடம் அழைத்துச்சென்றாள். இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. முதலில் வலக்கண், சில வாரங்கள் சென்றபின் இடக்கண் என்று முடிவாயிற்று.

வலக்கண்ணில் அறுவை முடிந்த மறுநாள் காலை மூடியை எடுத்தார்கள். மருத்துவரின் மேலங்கி நீலம் தோய்ந்த வெண்மையாக இருந்தது. சுவர், தட்டு, தாள், செவிலியின் பற்கள், அவரது விழியின் வெண்பகுதி எல்லாவற்றிலும் நீலம் படர்ந்திருந்தது. புதிய வில்லைக்குக் கண் பழகும்வரை அப்படித்தான் தோன்றும் என்றார் மருத்துவர். என் மகளின் தலையில் அத்தனை நரையிருப்பதை அன்றுதான் கண்டேன்.

இல்லத்துக்குள் நுழைந்ததும் சுவரில் மாட்டியிருந்த என் ஓவியங்களைப் பார்த்தேன். அவை என் ஓவியங்களாகத் தோன்றவில்லை. செம்பருத்தி ஊதாவாக இருந்தது. மழைத்தெரு மைப்புட்டி கவிழ்ந்ததுபோல் இருந்தது. வலக்கண்ணை மூடிக்கொண்டு இடக்கண்ணால் பார்த்தேன். செம்பருத்தி சிவந்தது, தெரு தெருவாயிற்று. மீண்டும் மாற்றினேன். மீண்டும் ஊதா. இவை எப்பொழுதிலிருந்து இப்படி இருக்கின்றன என்று மகளைக் கேட்டேன்.

“ரொம்ப நாளா இப்படித்தான்பா. அது உங்க ஸ்டைல்னு நெனச்சேன். படம் வரையறவங்ககிட்ட ஏன்னு கேட்டா கோவம் வரும்ல?”

அவள் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். எனக்குக் கிள்ளான் படம் நினைவுக்கு வந்தது.

அம்மையாரின் நினைவுநாள் அடுத்துவந்தது. ஆண்டுதோறும் அவ்வீட்டில் படையலிடுவார்கள். எனக்கும் அழைப்பு உண்டு. தனியே மின்தொடர்வண்டியில் போக வேண்டாம் என்று என் மகள் தடுத்தும் கேளாமல் போனேன். கூடத்தில் நுழையுமுன் இடக்கண்ணைக் கைக்குட்டையால் துடைப்பவன்போல் மூடிக்கொண்டு படத்தை ஏறிட்டுப் பார்த்தேன்.

அம்முகம் முழுவதும் நீலம். நெற்றியில் தொடங்கிக் கழுத்துவரை இறங்கி, கண்குழிகளில் கருத்து, கன்ன மேடுகளில் ஒளிர்ந்தது. நான் வரைந்த புன்னகை அதில் வேறொன்றாக மாறியிருந்தது. உதடுகள் கரும்ஊதா. எத்தனையோ முறை இக்கூடத்தில், இப்படத்தின் நேர் எதிரே அமர்ந்து, தலை நிமிர்ந்து உணவு உண்டிருக்கிறேன். படத்தின் பக்கத்தில் சூலம் ஒன்று நட்டிருந்தது. அது அங்கிருப்பது எனக்கு முன்பே தெரியும். வீட்டுத் தெய்வத்தின் சூலம் என்று எண்ணியிருந்தேன். அது படத்துக்கு உரியது என்பது அப்பொழுதுதான் விளங்கியது.

அம்மையாரின் மகளைத் தனியே அழைத்து, அம்மா ஏன் நீலமாக இருக்கிறார் என்று கேட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்தார்.

“நீங்கதானே சார் அப்படி வரைஞ்சீங்க.”

ஏன் என்று ஒருமுறையும் கேட்கவில்லையே என்றேன். சார் செய்தால் அதில் ஒரு காரணம் இருக்கும், படித்தவரிடம் போய் அதைக் கேட்கக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டாராம். தாயார் இறந்து தெய்வமாகிவிட்டதைச் சார் அறிந்து வரைந்திருக்கிறார் என்பது வீட்டாரின் துணிபு. அக்கம்பக்கத்தார் அவரை நீலத்தாய் என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது.

படையலில் அம்மையாருக்குப் பிடித்த மீயும் நெத்திலிச் சம்பலும் கறுப்புக் காப்பியும் வைத்திருந்தார்கள். உண்டபின் கைகழுவப் பின்கட்டுக்குப் போனபோது மகன் பின்னாலேயே வந்தார். ஐம்பதைக் கடந்தவர், தாயைப்போலவே பருத்தவர், ஆனால் குரல் மட்டும் தாழ்ந்தது. நிறுவனம் தம்மைப் பூச்சோங் கிளைக்கு மாற்றிவிட்டதென்றும், அங்கே ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு நேரே கேட்டார்.

“அங்க நான் மட்டும்தான் சார். எனக்கு இன்னொரு அம்மா வேணும்.”

இன்னொரு படமா என்று கேட்டேன்.

“ஆமா சார். இதே மாதிரி. கலரு கொஞ்சங்கூட மாறக் கூடாது. அம்மா சாதாரணமா இருந்தா நான் ஏமாத்திடுவேன் லா. உயிரோட இருந்தப்ப எத்தன தடவ ஏமாத்தியிருக்கேன். இவங்கள ஏமாத்த முடியல.”

நான் என்ன விடை சொன்னேன் என்பது நினைவில்லை. ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். திரும்பும் வண்டியில் எதிரே அமர்ந்திருந்தோரின் முகங்களில் எல்லாம் அந்த நீலத்தின் மெல்லிய சாயல் தெரிந்தது. அது புதிய வில்லையின் செயல் என்று மருத்துவர் சொன்னதை எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

புதிய கண்ணால் உண்மையான நிறத்தில் வரைவதே முறை என்று முதலில் துணிந்தேன். அடையாள அட்டையின் படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நினைவில் இருந்த கரும்பழுப்பைக் கலந்து, அளவாக நீலம் சேர்த்து, ஒரு நல்ல முகத்தை வரைந்தேன். என் கைக்கு அதைவிடச் சிறந்த முகம் அமைந்ததில்லை என்றே இன்றும் எண்ணுகிறேன். அப்படம் பாதி உலர்ந்த நிலையில், தையல்துணி வாங்கப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த அம்மையாரின் மகள் என்னைப் பார்க்க வந்தார். ஓவியத் தாங்கியில் இருந்த படத்தை இயல்பாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“யாரு சார் இது?”

அவர் இன்னும் அருகே சென்று குனிந்து பார்த்தார். “எங்க பெரியம்மா சாயல் கொஞ்சம் இருக்கு” என்றார்.

அது உங்கள் அம்மா என்றேன். அவர் அங்கிருந்த நாற்காலியில் மெல்ல அமர்ந்தார். வெகுநேரம் அப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற தாயின் முகத்தை எங்கோ பார்த்த முகம்போல் தேடிக்கொண்டிருந்த அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புரை, மஞ்சளேறிய வில்லை, எட்டாத நீலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விளக்கினேன். கேட்டு முடித்தபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தம்பிகிட்ட சொல்லிடாதீங்க சார். அவனுக்கு அது ஒன்னுதான் இருக்கு. நானும் கேக்காத மாதிரியே இருந்துக்கறேன்.”

சொல்லமாட்டேன் என்று வாக்களித்தேன். அவர் போனபின், அம்மையாரின் முகத்தை நானாவது நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். அடுப்பு தெரிந்தது. ஆவி தெரிந்தது. மிளகாயைப் பற்றிய அந்த ஏளனமும் அதே குரலில் கேட்டது. ஆனால் அச்சொற்களைச் சொன்ன முகம் நீலமாயிருந்தது. எத்தனை முறை முயன்றும் வேறு முகம் வரவில்லை. பழுப்பு முகத்தை நான் நினைவிலிருந்துதான் வரைந்தேனா, வேண்டுமென்று புனைந்தேனா என்பதே எனக்கு ஐயமாகிவிட்டது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன்.

அடுத்து, அறிந்தே நீலம் பூசிப் பார்த்தேன். கிள்ளான் படத்தை அம்மையாரின் மகள் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து அதே அளவில் கலந்தேன். வந்தது நாட்காட்டிக் கடவுள். அழகாக இருந்தது, அச்சம் தரவில்லை. தெரிந்து பூசிய நீலத்துக்கு எவரும் அஞ்சமாட்டார் என்பதைத் தூரிகையைக் கழுவும்போதே உணர்ந்தேன்.

எஞ்சியது ஒரே வழி. இடக்கண்ணில் புரை இன்னும் இருந்தது. மருத்துவரிடம் இடக்கண்ணின் அறுவையைச் சிறிது தள்ளிப்போடுமாறு கேட்டேன். அவர் காரணம் கேட்டார். ஒரு வேலை முடியவேண்டும் என்று மட்டும் சொன்னேன். மருத்துவமனையில் கொடுத்த நெகிழி மூடியைக் கறுப்புத் துணியால் சுற்றி வலக்கண்ணில் பொருத்திக்கொண்டு, புதிய துணிப்பரப்பின்முன் அமர்ந்தேன்.

நான் எதிர்பாராதது நிகழ்ந்தது. இடக்கண்ணின் அந்த மங்கிய பொன்னொளியில், முதல் சில தீற்றல்களிலேயே அம்மையார் வந்துவிட்டார். நினைவில் தேடி அலைந்த முகம், அடுப்பின் வெக்கையில் வியர்த்த கரிய பழுப்பு முகம், என் தூரிகையின் முனையில் தானாகத் திரண்டது. தெரியும்வரை நீலம் சேர்த்தேன், தெரிந்ததும் நிறுத்தினேன். கன்னம் உயிர்பெற்றது. அவர் ஏதோ ஏளனம் சொல்லப்போகிறவர்போல் இருந்தார். வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றினால், அதே இடத்தில் நீலமுகம் நின்றுகொண்டிருக்கும்.

நாளடைவில் வேலை முடிந்தபின்னும் நான் மூடியைக் கழற்றாமல் இருக்கத் தொடங்கினேன். அவரோடு ஏதும் பேசினேன் என்று எவரும் நினைக்கவேண்டாம். கழற்றினால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது, அவ்வளவே. ஒருநாள் மாலை வேலையிலிருந்து வந்த என் மகள், நான் நாற்காலியில் இடறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள்.

“நல்ல கண்ண மூடிக்கிட்டு கெட்ட கண்ணால நடக்கறீங்களேப்பா. இதுக்கா ஆப்பரேஷன் பண்ணோம்?”

அவள் கோபத்தில் பொருள் இருந்தது. ஆயினும் ஓவியம் முடியும்வரை நான் மூடியை விடவில்லை.

முடிந்ததும் அம்மையாரின் மகனுக்குச் சொல்லியனுப்பினேன். ஒரு ஞாயிறு காலை வந்தார். வண்ணம் இன்னும் முழுதும் உலரவில்லை. அதை எடுத்துச்செல்லும் முறையைச் சொல்வதற்காக மாடி நடைவழிக்கு அவரை அழைத்துச்சென்றேன். அங்கே காலை வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று நான் மூடி அணிந்திருக்கவில்லை.

அந்நாட்களில் என் வலக்கண்ணுக்கு எல்லா வெண்மையும் நீலமாகத் தெரிந்தது என்று முன்னரே சொன்னேன். எதிர்ப்பட்டோர் அனைவரின் விழிவெண்மையும் பீங்கான்போல் நீலித்திருக்கும். இவருடைய விழிகள் அவ்வாறு இல்லை. கடைக்கண் ஓரங்களில் பழந்தாளின் நிறம் இருந்தது. வலக்கண்ணை மூடிப் பார்த்தேன். மற்றவர் விழிக்கும் இவர் விழிக்கும் யாதொரு வேறுபாடும் தெரியவில்லை. திறந்தேன்; மஞ்சள். இவரை எத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்! என் கண்ணே மஞ்சளாயிருந்ததால் இவர் கண்ணின் மஞ்சள் எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

எப்பொழுதிலிருந்து குடிக்கிறாய் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. உள்ளே படம் இருந்த அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வீட்ல இல்ல சார். வீட்ல ஒரு சொட்டு தொட்டதில்ல. மேரு பக்கம் லோரிய ஓரமா நிறுத்திட்டு, அம்மா பாக்காத எடத்துலதான். ரெண்டு வருஷமா. பூச்சோங் போனா வீட்டுக்குள்ளயே ஆரம்பிச்சிடுவேன்னு பயமா இருக்கு. அதான் இன்னொரு அம்மா கேட்டேன்.”

அவருடைய தமக்கைக்கு நான் அளித்த வாக்கு எனக்கு நினைவிருந்தது. ஆனால் அந்த நீலத்தின் மேலுள்ள அச்சத்தால் அவர் குடியை விடவில்லை; குடிக்கும் இடத்தை மாற்றியிருக்கிறார். படத்தின் பார்வை எட்டும் எல்லையை அளந்து வைத்திருக்கிறார். என் பிழை அவரைக் காக்கும் என்று நம்பி வாய்மூடியிருந்தால், அவர் சாவார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அங்கேயே, அந்த வெயிலிலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் தெய்வம் இல்லை. என் விழிவில்லையின் கோளாறுதான் இருக்கிறது என்றேன். அம்மா நீலமாகவில்லை, நான்தான் மஞ்சளாகப் பார்த்தேன் என்றேன். உன் கண் மஞ்சளாக இருக்கிறது, ஈரல் கெட்டிருக்கலாம், இன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்றேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். கீழே கடந்துபோன தொடர்வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“அப்ப இத்தன வருஷம் சார் கண்ணு மூடியிருந்துச்சு. இப்பத்தான் என் கண்ணு தெரியுது.”

ஆம் என்றேன்.

“யாரு சார் தொறந்தா?”

மருத்துவர் என்றேன்.

“நான் அம்மாவ வாங்க வர்ற அன்னிக்குப் பாத்து.” அவர் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. அது எனக்கு அச்சத்தைத் தந்தது. “சார் படிச்சவங்க. டோக்டர்னுதான் சொல்வீங்க.”

மறுத்துப் பேச நேரமில்லை. முதலில் மருத்துவமனை, பிறகு படம் என்றேன். அவர் படமும் உடன்வர வேண்டும் என்றார். அதில் உறுதியாக நின்றார். ஈரம் ஒட்டாதவாறு நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகள் வைத்துக்கொடுத்தேன். அதற்குமேல் துணி சுற்ற அவர் விடவில்லை. மகிழுந்தின் முன்னிருக்கையில் படத்தை நிமிர்த்தி வைத்து, இருக்கைவாரை அதன் குறுக்கே இழுத்துப் பூட்டினார். நான் பின்னிருக்கையில் அமர்ந்தேன். சாலைவிளக்குகளில் நிற்கும்போதெல்லாம் பக்கத்து மோட்டார்சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தனர். ஒருவர் கைகூப்பினார். முன்கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த அந்த நீலமுகம், சாலையைப் பார்க்காமல் ஓட்டுபவரையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. இரு கண்களையும் மூடிக்கொண்டேன்.

மருத்துவர்கள் காமாலை தொடக்கநிலையில் இருப்பதாகவும், ஈரல் கெட்டிருப்பதாகவும், குடியை அறவே விட்டால் இன்னும் வாழலாம் என்றும் சொன்னார்கள். அவரைச் சில நாட்கள் அங்கேயே வைத்துக்கொண்டனர். தமக்கை அழுதுகொண்டே வந்தார். வெயிலில் லோரி ஓட்டித் தம்பியின் கண் நிறம் மங்கிவிட்டதாகவே நினைத்திருந்தாராம். நான் வாக்குத் தவறியதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் சொன்னதை அவர் தம்பி அவரிடம் எப்படிச் சொன்னார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இப்பொழுது வழங்கும் கதை அதுதான். அம்மா தம் பிள்ளையைக் காப்பதற்காகச் சாரின் கண்ணில் இறங்கினார். மருத்துவர் கத்தி வைத்ததும் சாரின் கண்ணில் இருந்த திரை விலகியது. பிள்ளையின் உடலில் இருந்த நஞ்சைச் சாரின் கண்வழியே பார்த்தார். நான் உண்மையென்று விளக்கிய ஒவ்வொன்றும் அக்கதைக்கு ஒரு படிக்கல்லாகிவிட்டது. புரை, மஞ்சள், வில்லை, அனைத்தையும் மகன் மறவாமல் சொல்கிறார். அவற்றின் பொருள் மட்டும் வேறு.

அவர் இதுவரை குடிக்கவில்லை. இதற்கு அவருடைய சொல்லும் தமக்கையின் சொல்லும் மட்டுமே சான்று. இனி அம்மா பார்க்காத இடம் என்று ஒன்று கிடையாது என்கிறார். லோரியிலும் பார்க்கிறார், மேருவிலும் பார்க்கிறார் என்கிறார். நான் மறுத்தால் அவர் மீண்டும் ஒரு மறைவிடம் தேடுவாரோ என்று அஞ்சி, நேரில் மறுப்பதை நிறுத்திவிட்டேன். எழுத்தில் மறுக்கிறேன். அவர் படிக்கும் பழக்கம் உடையவர் அல்லர்.

பிறகு இடக்கண்ணிலும் அறுவை முடிந்தது. நன்றாகவே முடிந்தது. இரு கண்களும் தெளிந்தபின் பூச்சோங்குக்கு ஒருமுறை போனேன். உள்ளறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் படத்தின் நீலம் முதற்படத்தினும் ஆழமாக இருந்தது. இடக்கண்ணில் புரை மிகுதி என்பதே காரணம். அம்மா எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டார். நீலமாக இருக்கிறார் என்றேன். அவருக்கு அந்த விடை போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. அப்படத்தை வரையும்போது நான் கண்ட உயிருள்ள முகத்தை, இனி எந்தக் கண்ணை மூடி எந்தக் கண்ணைத் திறந்தாலும் காண முடியாது. அம்முகம் தெரிந்த ஒரே வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். பழுப்புப் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். மகள் சொன்னதுபோல், அது அம்மையாரின் அக்காள்தான். இப்பொழுதெல்லாம் பகலில் வெளியே போகும்போது, எதிர்ப்பட்ட எவருடைய விழியையும் நான் முதலில் பார்ப்பதாக உணர்கிறேன். யாரோ என்னைப் பார்க்கச் சொல்வதுபோல் இருக்கிறது. அது பழக்கத்தின் செயல் என்று எனக்குத் தெரியும். தெரியும்போதே எழுதிவிட வேண்டும் என்பதும் இந்த எழுத்துக்கு ஒரு காரணம்.

கண்மருத்துவம் அறிந்தோர், வில்லையைப் பற்றி நான் எழுதியவற்றில் தவறு காணின் தெரிவிக்க வேண்டுகிறேன். ஓவியம் அறிந்தோர் என் வண்ணக்கலவையில் தவறு காணினும் தெரிவியுங்கள். அனைத்திலும் மேலாக, கிள்ளானில் அந்தப் பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் அவ்வம்மையாரின் கையால் உண்டவர்கள், மாணவராயினும் ஆசிரியராயினும், எங்கேனும் இருப்பீர்கள். அவர் முகம் என்ன நிறம் என்று உங்களுள் ஒருவர்க்கேனும் நினைவிருக்கும். நான் எழுதியது பிழையாயின் திருத்துங்கள். அவரைக் கருப்பென்று சொன்னாலும், மாநிறமென்று சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்; என்னிடம் ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் இல்லை.